நாற்பத்தொரு முகப்பு

ஹானுஸ் தொலைபேசியில் கத்தவில்லை.
கத்தியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.
"காற்றுக்குப் பயந்து மதியமே ரத்தான கப்பலை
உங்கள் செயலி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது" என்றார்.
"அரைமணி நேரமாகத் துறையில் நிற்கிறேன்.
பின்னால் வண்டியில் பன்னிரண்டு செம்மறிகள்.
அவை மட்டும்தான் இன்னும் நம்புகின்றன."

டோர்ஷாவ்னில், மீன்வலைக் கடைக்கு மேல்மாடியில்
நாங்கள் மூன்று பேர், ஐந்து கைபேசிகள்,
ஓயாமல் ஜன்னலை உள்ளே தள்ளும் பிப்ரவரி.
சோதனை செய்யும் ஒலுவா அழைப்பை வாங்கிக்கொண்டாள்.
பின்னம்பை அழுத்துங்கள், என்ன தெரிகிறது?
முகப்பு.
இன்னொரு முறை.
முகப்பு. ஆனால் இதில் கப்பல் ரத்து இல்லை.
இன்னும்?
முகப்பு. பெண்ணே, எனக்கு ஒரே ஒரு வீடுதான்.

அழுத்த அழுத்த எண்ணினாள்.
நடுவே ஆடு கத்தியதில் ஒன்று விட்டுப்போய்
மறுபடி முதலிலிருந்து.
நாற்பத்தொன்று.

சின்ன வீடு வரைந்த பொத்தான் அது.
தொட்டால் வீடு போய்ச் சேரவேண்டும்.
நாங்கள் எழுதிய வரியோ
இருந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு
அதன் கூரைமேல் இன்னொன்றை எழுப்பியிருக்கிறது,
தொட்ட ஒவ்வொரு தடவையும்.
அடியில் புதைந்த முகப்புகளில்
அந்தந்த மணியின் அட்டவணை
விளக்கணைக்காமல் எரிந்துகொண்டிருக்கிறது.
ரத்து என்று மேலே பார்த்தவர்
ஒரு திரை பின்னே போய்
சரியான நேரத்தில் என்பதைப் பார்த்திருக்கிறார்.
இரண்டில் எதை நம்புவார்?
நானும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

யார் எழுதிய வரி?
வரலாற்றைத் திறந்தால்
என் பெயர். மூன்று குளிர்காலத்துக்கு முன்,
அதிகாலை இரண்டு பதினான்கு.
பக்கத்தில் ஒரு குறிப்பு: இப்போதைக்கு இது போதும்.
ஒலுவா எதுவும் சொல்லாமல்
தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.
அது அவளுடைய கோப்பை, பாதி குடித்தது.

முதல் திருத்தம் ஆத்திரத்தில் செய்தது:
வீட்டைத் தொட்டால் எல்லாத் திரையும் அழிந்துபோகட்டும்.
ஒலுவா பயணச்சீட்டுக்குப் பணம் கட்டும்போதே
வீட்டைத் தொட்டாள்.
பணம் போயிற்று. சீட்டு வரவில்லை.
"இதற்கு அந்த நாற்பத்தொன்றே தேவலாம்" என்றாள்.

இருட்டிய பிறகு காரை எடுத்தேன்.
எங்கள் தீவுகளுக்கு இடையே
கடலுக்கடியில் ஒரு ரவுண்டானா உண்டு,
நடுவே நிறம் மாறும் வெளிச்சத்தில் பாறைத்தூண்.
பணத்திரையைப் பற்றி யோசித்தபடி
என் திருப்பத்தைத் தவறவிட்டேன். இன்னொரு சுற்று.
மறுபடி தவறவிட்டேன்.
தலைக்குமேல் அத்தனை தண்ணீர்,
பின்னம்பு இல்லாத சாலை,
பின்னால் ஒரு மீன் லாரி ஹார்ன் அடிக்கிறது.
மூன்றாவது சுற்றில் புரிந்தது,
அல்லது லாரிக்காரன்மேல் இருந்த பயத்தில் புரிந்தது:

புதிதாக எதையும் எழுப்ப வேண்டாம்.
அடியில் இருக்கும் பழைய வீடுவரை
மேலே கிடப்பவற்றை ஒவ்வொன்றாக உரி.
போய்ச் சேர்ந்ததும் கடலைப் புதிதாகக் கேள்.
பணம் பாதியில் நின்றால்
உரிக்கும் முன் ஆளைக் கேள்.
சீட்டு கைக்கு வந்தபின்
பணத்திரைக்குத் திரும்பும் வழியை அடை.
போய் வருகிறேன் என்று
எந்தத் திரையும் தானாகச் சொல்வதில்லை,
நாம்தான் எழுதவேண்டும்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி
இஞ்சினை அணைக்காமலே எழுதினேன்.
பதினொரு வரி. போனது முப்பது.
போதும் என்ற குறிப்பை அழித்தேன்,
பதிலுக்கு எதுவும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஹானுஸ்.
ஆடுகள் அக்கரை சேர்ந்துவிட்டனவாம்.
"இப்போது ஒரே அழுத்தில்
செயலியை விட்டே வெளியே போய்விடுகிறது."
அதுதான் சரி என்றேன்.
கொஞ்சநேரம் காற்றிரைச்சல் மட்டும் கேட்டது.
"சரிதான்" என்றார். "முன்பு வெளியேற நேரமாகும்.
அதற்குள் போவதா வேண்டாமா என்று
முடிவு செய்துவிடுவேன்."